நிரல்பெயர்ப்பியின் பாதுகாப்புத் திருத்தமும் அது கடக்கும் தொலைவும்: கோ மொழியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழி ஒன்றின் நிரல்பெயர்ப்பியிலோ செந்தர நூலகத்திலோ பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டால், அம்மொழியைப் பேணுவோர் திருத்தப் பதிப்பு ஒன்றை வெளியிடுகின்றனர். ஆயினும் முன்னரே உருவாக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ள நிரல்கள் அவ்வெளியீட்டால் தாமாகத் திருந்துவதில்லை. திருத்தம் பிறக்கும் இடத்திற்கும் அது சேரவேண்டிய கணினிக்கும் இடையிலுள்ள படிநிலைகளைக் கோ மொழியின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. பைத்தான் மொழியும் அதன்மீது எழுந்த எழில் மொழியும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ் எழுத்துகளின் ஒப்புருவங்கள் மூலநிரலில் எழுப்பும் சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிரல்பெயர்ப்பி, செந்தர நூலகம், பாதுகாப்புத் திருத்தம், நிலை இணைப்பு, கோ மொழி, எழில், ஒருங்குறி, ஒப்புருவம்

முன்னுரை

சொல்லடைவு, தொடரடைவு, சுவடிப் பட்டியல், கல்வெட்டுத் தரவுத்தளம், எழுத்துணரி எனத் தமிழாய்வின் கருவிகள் பலவும் இன்று மென்பொருள்களாகிவிட்டன. இவற்றைக் கையாளும் ஆய்வாளர்கள் கைப்பேசியையும் இயங்குதளத்தையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை அறிந்தே இருக்கின்றனர். அம்மென்பொருள்களை ஆக்கித் தந்த நிரல்மொழிக்கும் புதுப்பிப்பு உண்டு என்பதும், அது வேறு வழியில் பயணிக்கிறது என்பதும் பெரும்பாலும் கவனத்திற்கு வருவதில்லை.

கம்பைலர் எனப் பரவலாக வழங்கும் நிரல்பெயர்ப்பி, மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி நேரடியாக இயக்கத்தக்க கோப்பாக மாற்றுகிறது. கோப்பைத் திறத்தல், வலையமைப்பில் பேசுதல், மறையாக்கம் செய்தல், எழுத்துக் குறியீடுகளைப் பிரித்தறிதல் போன்ற அன்றாடப் பணிகளுக்கான ஆயத்த நிரல்கள் மொழியுடனேயே வருகின்றன. அவற்றின் தொகுதியே செந்தர நூலகம். ஊரிலுள்ள வீடுகள் யாவும் ஒரே சூளைச் செங்கல்லால் கட்டப்பட்டால், சூளையின் குறை எல்லாச் சுவர்களிலும் இருக்கும். சூளையைச் சரிசெய்த பின்பும் பழைய சுவர்கள் பழையனவாகவே நிற்கும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைச் சூழலைக் கருதலாம். தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் வட்டாரம் கரிசல் நிலப்பகுதியைச் சேர்ந்தது. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டாரச் சொல்லகராதிக்குப் பின் இந்நிலத்தின் வழக்குச் சொற்கள் ஆய்வாளரை ஈர்த்துவருகின்றன. இவ்வட்டாரத்தில் களப்பணி செய்யும் முனைவர்பட்ட ஆய்வாளர் ஒருவர், கோ மொழியில் ஆக்கப்பட்ட தேடுநிரல் ஒன்றைத் தம் மடிக்கணினியில் வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். அதே நிரல் அவருடைய கல்லூரிச் சேவையகத்திலும் இயங்குகிறது. சொற்களோடு தகவலாளர்களின் பெயர், ஊர், வயது, குரல்பதிவு ஆகியனவும் அதில் உள்ளன. கோ மொழியின் நூலகத்தில் குறைபாடு ஒன்று திருத்தப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளியாகிறது. அவருடைய நிரல் திருந்திவிட்டதா?

குறைபாடு தோன்றும் இடங்கள்

நிரல்பெயர்ப்பிசார் குறைபாடுகளில் வேறுபட்ட இருவகை உண்டு. ஒன்று, நிரலை உருவாக்கும் வேளையிலேயே கேடு விளைவிப்பது. மற்றொன்று, உருவாகும் நிரலைக் குறையுள்ளதாக ஆக்குவது.

முதல்வகைக்குத் தெளிவான சான்று, 2018 பிப்ரவரியில் கோ மொழியின் 1.8.7, 1.9.4 பதிப்புகளில் திருத்தப்பட்ட குறைபாடாகும் (சி.வி.இ. 2018-6574). பிறர் எழுதிய நிரல்தொகுப்பைப் பெற்று உருவாக்குவதற்குக் கோ மொழியில் ஒரு கட்டளை உண்டு. அத்தொகுப்பில் சி மொழிப் பகுதிகள் இருந்தால், அவற்றைப் பெயர்க்கும் ஜி.சி.சி., கிளாங் ஆகிய பெயர்ப்பிகளுக்கான விருப்பக்குறிகளையும் தொகுப்பின் ஆசிரியரே குறித்துவைக்கலாம். பெயர்ப்பியினுள் வெளியிலிருந்து ஒரு செருகியை ஏற்றச் சொல்லும் விருப்பக்குறியும் அவற்றுள் அடங்கும். தீங்கு நினைப்பவர் அச்செருகியைத் தொகுப்பிலேயே மறைத்துவைத்தால், அது பெறுபவருடைய கணினியில் இயங்கிவிடும். பெறுபவர் அந்நிரலை இயக்கியிருக்க வேண்டியதே இல்லை. பதிவிறக்கி உருவாக்கியதே போதும். கணினி ஆய்வகத்தில் மாணவர் நாள்தோறும் செய்யும் செயல் இது.

எவற்றை விலக்குவது என்று பட்டியலிடாமல், ஏற்கத்தக்க விருப்பக்குறிகளை மட்டும் பட்டியலிடுவது என்பதே அதற்கான திருத்தம். பாதுகாப்பியலில் இதுவே சரியான திசை. எனினும் நேர்மையான தொகுப்புகள் சிலவும் இதனால் உருவாக மறுத்தன. பயனர் விரும்பினால் கூடுதல் குறிகளை அனுமதிக்கும் வழியும் திறந்துவைக்கப்பட்டது. ஏற்புப் பட்டியலைச் சரிபார்க்கும் முறையிலேயே இடைவெளிகள் இருந்தமை பின்னர் தெரியவந்தது. 2023 ஜூன் மாதம் வெளியான 1.20.5, 1.19.10 பதிப்புகள் அதே பகுதியில் மீண்டும் பல குறைகளைத் திருத்தின. பாதுகாப்புத் திருத்தம் ஒருமுறை செய்து முடிக்கப்படும் பணியன்று.

இரண்டாம் வகைக்குக் கோ மொழிக்கு வெளியே ஜி.சி.சி. பெயர்ப்பியிலிருந்து சான்று காட்டலாம். நினைவக அடுக்கு மீறி எழுதப்படுவதைக் கண்டறிய, பெயர்ப்பி ஒரு காவல் மதிப்பை நிரலுக்குள் இடுகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள 64 இரும ஆர்ம் செயலிகளுக்குப் பெயர்க்கும்போது, இயங்குகையில் அளவு முடிவாகும் மாறிகளை இக்காவல் காக்கவில்லை என்பது 2023 செப்டம்பரில் வெளியானது (சி.வி.இ. 2023-4039). மூலநிரலில் குறையேதும் தோன்றாது. இயக்கக் கோப்பிலோ காவல் செயற்படாது. பெயர்ப்பியைத் திருத்தியபின் அதனால் முன்பு ஆக்கப்பட்ட அனைத்தையும் மறுபடி பெயர்த்தாலன்றி இக்குறை நீங்காது. இதனைக் குறைபாடு என்பதா, கூடுதல் காப்பு ஒன்று தவறியது என்பதா என்ற வாதமும் எழுந்தது. அவ்வாதம் எவ்வாறு முடிந்தாலும் மறுபெயர்ப்பின் தேவை மாறாது.

செந்தர நூலகக் குறைகள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றுள் 2023 அக்டோபர் 10 அன்று உலகெங்கும் ஒருசேர அறிவிக்கப்பட்ட 'விரைவு மீட்டமைப்பு'த் தாக்குதல் நன்கு அறியப்பட்டது. எச்.டி.டி.பி./2 நெறிமுறையில் ஒரு வேண்டுகோளை அனுப்பிய கணமே அதனைத் திரும்பப் பெறலாம். அனுப்புவதும் திரும்பப் பெறுவதுமாக இலட்சக்கணக்கில் நிகழ்த்தினால், அனுப்புபவருக்குச் செலவில்லை. பெறும் சேவையகமோ ஒவ்வொன்றையும் தொடங்கிக் கைவிட்டு ஓய்ந்துபோகும். கூகுள் நிறுவனம் எதிர்கொண்ட தாக்குதல் உச்சத்தில் நொடிக்கு 39.8 கோடி வேண்டுகோள்களை எட்டியது. கோ மொழியின் நூலகம் எச்.டி.டி.பி./2 ஆதரவைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், அம்மொழியில் எழுதிய எளிய இணையச் சேவையகமும் தாக்குதலுக்கு இலக்கானது. அதே நாளில் 1.21.3, 1.20.10 பதிப்புகள் வெளியாயின.

தமிழ் இணையத்தளங்களோடு நேரடித் தொடர்புடைய வேறொரு சான்றும் உண்டு. உலாவி ஒவ்வொன்றும் தன் பயனர் விரும்பும் மொழிகளைச் சேவையகத்திற்குத் தெரிவிக்கிறது: இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், அதன்பின் ஆங்கிலம் என்றவாறு. இப்பட்டியலைப் படித்துப் பொருத்தமான பக்கத்தைத் தெரிவுசெய்யும் நிரல்கள், கோ மொழிக் குழுவினர் செந்தர நூலகத்திற்குத் துணையாகப் பேணும் உரைத்தொகுப்பில் உள்ளன. திட்டமிட்டு அமைத்த நீண்ட பட்டியலை அனுப்பினால் அதைப் படிப்பதிலேயே சேவையகம் சிக்கிக்கொள்ளும் என்ற குறை 2022 அக்டோபரில் திருத்தப்பட்டது (சி.வி.இ. 2022-32149). அதற்கு முன் 2020இல், ஒருங்குறியின் 16 இரும வடிவத்தைப் பிரிக்கும் பகுதி முடிவிலாச் சுழலில் விழும் குறை திருத்தப்பட்டது. ஒருமொழித் தளம் இவற்றைத் தொடாமலே இருந்துவிடலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே வழங்க முனையும் தளமே இப்பகுதிகளை நாடுகிறது. பன்மொழி ஆதரவு தாக்குதலுக்குரிய பரப்பையும் விரிக்கிறது என்பது இதன் பொருள்.

மூன்று தடங்களும் ஆறு திங்களும்

கோ மொழியை ராபர்ட் கிரீசமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகியோர் கூகுள் நிறுவனத்தில் 2007இல் வடிவமைக்கத் தொடங்கினர். 2009இல் பொதுவெளிக்கு வந்தது. முதல் நிலைப்பதிப்பு 2012 மார்ச்சில் வெளியானது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இரு பெரும்பதிப்புகள் வெளியாகின்றன. அண்மைய இரு பெரும்பதிப்புகளுக்கு மட்டுமே பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்படும். அதாவது ஒரு பதிப்பின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. முனைவர்பட்ட ஆய்வொன்று முடிவதற்குள் நான்கைந்து பதிப்புகள் பிறந்து மறைந்துவிடும்.

வந்துசேரும் குறைபாட்டு அறிக்கைகளைக் கோ மொழியின் பாதுகாப்புக் குழு மூன்று தடங்களில் பிரிக்கிறது. பாதிப்புக் குறைந்தவையும் ஏற்கெனவே பரவலாக அறியப்பட்டவையும் வெளிப்படையாகவே திருத்தப்படும். வலுவானவை மறைவாகத் திருத்தப்பட்டு, அடுத்த சிறுபதிப்பில் வெளியாகும். அதற்கு மூன்று முதல் ஏழு நாள் முன்னதாக, பாதுகாப்புத் திருத்தம் வரவிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் தரப்படும். என்ன குறை என்பது அவ்வறிவிப்பில் இராது. உடனடிக் கேடு விளைவிப்பவையும், ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டுவருபவையும் மூன்றாம் தடத்தில் அவசரப் பதிப்பாக வரும்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. திருத்தம் வெளியான கணத்தில், பழைய மூலநிரலையும் புதிய மூலநிரலையும் ஒப்பிட்டுக் குறை எதுவென எவரும் அறியலாம். மூலநிரல் திறந்திருப்பதன் நன்மையும் விலையும் இதுவே. எனவே புதுப்பிக்காதவருக்கு ஆபத்து மிகுவது குறை பிறந்த நாளிலன்று. திருத்தம் பிறந்த நாளில்.

வந்த திருத்தம் மெய்யானதுதானா என்ற வினா அடுத்து எழுகிறது. இதனை முதலில் கூர்மையாக எழுப்பியவர்களுள் கோ மொழியின் படைப்பாளர்களுள் ஒருவரான கென் தாம்சனும் அடங்குவார் என்பது சுவையான பொருத்தம். டியூரிங் விருதேற்புரையாக அவர் நிகழ்த்தி 1984இல் அச்சான சொற்பொழிவு இதைப் பற்றியது. மூலநிரலில் எத்தடயமும் இன்றி, பெயர்ப்பியின் இயக்கக் கோப்பினுள் மட்டுமே வாழும் கள்ளவழி ஒன்றை அமைக்கலாம் என அவர் காட்டினார். அப்பெயர்ப்பி தன்னைத்தானே பெயர்க்கும்போது கள்ளவழியையும் தன் வழித்தோன்றலுக்குக் கடத்திவிடும். 2015இல் ஆப்பிள் நிறுவனத்தின் எக்ஸ்கோடு என்னும் நிரலாக்கக் கருவியின் திரிக்கப்பட்ட படி சீனாவில் பரவி, அதைக்கொண்டு ஆக்கப்பட்ட செயலிகளில் கேடு புகுந்தபோது, தாம்சனின் எச்சரிக்கைக்கு நிகரான ஒன்று நடைமுறையில் காணப்பட்டது. அதிகாரபூர்வத் தளத்தை விடுத்து விரைவாகப் பதிவிறங்கும் வேறிடத்திலிருந்து கருவியைப் பெற்றதே அதற்கு வழிவகுத்தது. இணைய வேகம் குறைந்த ஊர்களில் மென்பொருளை விரலியில் வாங்கிப் பதியும் வழக்கம் உள்ளவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

2023 ஆகஸ்டில் வெளியான 1.21 பதிப்பு முதல், கோ மொழியின் கருவித்தொகுதியை எவர் எக்கணினியில் உருவாக்கினாலும் இருமம் பிசகாமல் ஒரே கோப்பு கிடைக்கிறது. எனவே கூகுள் வழங்கும் கோப்பைப் பிறர் தாமே உருவாக்கி ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். தாம்சன் காட்டிய ஐயம் இதனால் முற்றும் நீங்கிவிடவில்லை. ஆயினும் சரிபார்க்கும் வழி எவருக்கும் திறந்திருப்பது பெரிய முன்னேற்றமே.

மேல்குளமும் கீழ்குளமும்

நெல்லைச் சீமையில் குளங்கள் தொடராக அமைந்தவை. மேல்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்குளத்திற்கு நீர். இடைவழியில் ஒரு மடை அடைபட்டாலும் கடைசிக் குளம் வறண்டுகிடக்கும். மென்பொருள் உலகமும் மேலோட்டம், கீழோட்டம் என நீரோட்டச் சொற்களாலேயே இத்தொடரைக் குறிப்பது தற்செயலாயினும் பொருத்தமானது.

2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறையாக்க நூலகத்தில் 'இதயக் கசிவு' எனப் பெயர்பெற்ற குறை வெளியானது. லினக்ஸ் கணினிகளில் அந்நூலகம் பொதுவாகத் தனிக் கோப்பாக இருக்கும். பல நிரல்கள் இயங்கும் வேளையில் அதனை நாடிப் பயன்படுத்தும். இது இயங்குநிலை இணைப்பு. கணினியைப் பேணுபவர் அவ்வொரு கோப்பை மாற்றி, நிரல்களை நிறுத்தித் தொடங்கினால் அவை அனைத்தும் திருந்தின. அதன்பின் சாவிகளை மாற்றும் பெரும்பணி இருந்தது என்பது வேறு.

கோ மொழி மறையாக்கத்திற்குத் தன் சொந்த நூலகத்தைக் கொண்டிருப்பதால் அக்குறையிலிருந்து தப்பியது. ஆனால் அதன் அமைப்பே வேறு. நூலகத்தின் தேவையான பகுதிகள் அனைத்தும் இயக்கக் கோப்பினுள்ளேயே வைத்துத் தைக்கப்படுகின்றன. இது நிலை இணைப்பு. ஒரே கோப்பை எடுத்துச் சென்று அதே இயங்குதளமும் செயலிவகையும் கொண்ட எக்கணினியிலும் இயக்கலாம். வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை. கோ மொழியின் பெரும்புகழுக்கு இவ்வெளிமையும் ஒரு காரணம். அதே காரணத்தால் பாதுகாப்புப் பொறுப்பு இடம் மாறுகிறது. முன்னர்க் கணினியைப் பேணுபவரிடம் இருந்த பொறுப்பு, இப்போது நிரலை உருவாக்கியவரைச் சேர்கிறது. குருவிகுளத்து ஆய்வாளர் தம் மடிக்கணினியில் கோ மொழியின் புதிய பதிப்பையே நிறுவினாலும் அவருடைய தேடுநிரலில் பழைய நூலகமே உறைந்திருக்கும். அந்நிரலை உருவாக்கியவர் புதிய பெயர்ப்பியால் மறுபடி உருவாக்க வேண்டும். அக்கோப்பு ஆய்வாளரைச் சேர வேண்டும். அவர் பழையதை நீக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் திருத்தம் சேராது.

கட்டற்ற இயங்குதளங்களின் வழியே இத்தொடரைக் கண்டால் இடைவெளி மேலும் தெளிவாகும். 2023 ஜூன் 10 அன்று டெபியன் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பு வெளியானது. அதில் இடம்பெற்றது கோ 1.19. இரு திங்கள் கழித்து, ஆகஸ்டில், கோ 1.21 வெளியானது, அத்துடன் 1.19 பதிப்பிற்கான திருத்தங்களைக் கோ குழு நிறுத்திக்கொண்டது. டெபியன் 12இன் ஆயுளோ, நீட்டித்த ஆதரவையும் சேர்த்து ஐந்தாண்டு. இடைப்பட்ட காலத்தில் புதிய திருத்தங்களைப் பழைய பதிப்பிற்கேற்ப வெட்டிப் பொருத்துவது டெபியன் தன்னார்வலரின் சுமை. பொருத்திய பின்னும் கோ மொழியில் அமைந்த பொதிகள் ஒவ்வொன்றையும் மறுபடி உருவாக்க வேண்டும். நிலை இணைப்பு கொண்ட பொதிகளை இவ்வாறு மொத்தமாக மறுஉருவாக்கம் செய்வதில் தன் கட்டமைப்பிற்கு இடர்ப்பாடு உள்ளது எனவும், ஆகவே கோ, ரஸ்ட் மொழிப் பொதிகளுக்கு வரையறுத்த ஆதரவே கிட்டும் எனவும் டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்புகளில் ஒளிவின்றித் தெரிவித்துள்ளது. இத்தகைய நேர்மை வணிக மென்பொருள்களின் குறிப்புகளில் அரிதாகவே காணப்படும்.

டெபியனை அடியாகக் கொண்டது பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்டு 2007 முதல் வெளிவருவது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஆதரிப்பது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக விண்டோஸோடு சேர்ந்து மாணவர் கைகளுக்கும் சென்றது. எனவே தொடர் இவ்வாறு நீள்கிறது: கோ குழு, டெபியன், சென்னையிலுள்ள பாஸ் குழு, பொதிக் களஞ்சியம், இறுதியில் சிற்றூரின் மடிக்கணினி. ஒவ்வொரு படியிலும் சில நாள்களோ சில திங்களோ கழிகின்றன. கடைசிப் படி இணைய இணைப்பையும் பயனரின் கவனத்தையும் பொறுத்தது. பள்ளிக்காலத்தில் பெற்ற மடிக்கணினியின் இயங்குதளத்தை ஒருமுறையேனும் புதுப்பித்த மாணவர் எத்தனை பேர் என்பது கல்வியியல் துறையினர் களஆய்வு செய்யத்தக்க பொருள்.

பைத்தானும் எழிலும்

பைத்தான் இதற்கு மாறான அமைப்புடையது. அதில் எழுதிய நிரல், மூலநிரலாகவே பயனரிடம் செல்கிறது. அவருடைய கணினியிலுள்ள மொழிமாற்றி அதை இயக்குகிறது. மொழிமாற்றியையும் அதனுடன் வரும் நூலகத்தையும் ஒருமுறை புதுப்பித்தால் அவற்றை நம்பியுள்ள நிரல்கள் யாவும் பயன்பெறும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியைத் தமிழில் நிரலாக்கம் கற்பிக்கும் முயற்சிகளுள் முதன்மையானதாகக் கொள்ளலாம். 'பதிப்பி', 'நிரல்பாகம்', 'முடி' எனத் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத அது வழிசெய்கிறது. எழில் பைத்தான்மீது அமைக்கப்பட்டது. எனவே பைத்தானில் வரும் திருத்தங்களை, எழிலின் மூலநிரலில் ஒரு வரியும் மாற்றாமலே எழிற்பயனர் பெறுகின்றனர். தன்னார்வலர் ஓரிருவர் பேணும் மொழிக்கு இது பெரும் வாய்ப்பு. சொந்தப் பெயர்ப்பியை அடியிலிருந்து எழுதியிருந்தால் பாதுகாப்புக் குழு ஒன்றையும் அவர்களே நடத்த வேண்டியிருக்கும்.

இவ்வாய்ப்பிற்கும் விலை உண்டு. அடித்தளம் மாறும்போது மேற்கட்டுமானமும் ஈடுகொடுக்க வேண்டும். பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. அதற்கு எழுதப்பட்டு மாற்றப்படாத கருவிகள் அன்றுமுதல் திருத்தம் காணாதவையாயின. பல்கலைக்கழகத் துறைகளில் ஆய்வேட்டிற்காக எழுதி, பட்டம் பெற்றபின் கைவிடப்பட்ட கருவிகளின் நிலை இதனால் ஐயத்திற்குரியது.

திருத்தமே நிரலின் போக்கை மாற்றிவிடுவதும் உண்டு. மிக நீண்ட எண்சரத்தை எண்ணாக மாற்றும்போது பைத்தான் எடுத்துக்கொள்ளும் நேரம், இலக்கங்களின் எண்ணிக்கையின் இருமடிக்கேற்ப உயர்கிறது. இதனைக்கொண்டு சேவையகத்தை முடக்கலாம் என்பதால், 2022 செப்டம்பரில் 4300 இலக்கங்கள் என்ற வரம்பு விதிக்கப்பட்டது (சி.வி.இ. 2020-10735). பேரெண்களைக் கையாளும் கணிதவியலாரின் பிழையற்ற நிரல்கள் சில, சிறுபதிப்பு ஒன்றை நிறுவியதும் நின்றுபோயின. வரம்பை மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது என்பது உண்மை. ஆயினும் 'ஓடுகிற நிரலைத் தொடாதே' என்ற மனநிலை ஏன் வேரூன்றுகிறது என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது. அம்மனநிலையைச் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. அது முழு உண்மையன்று.

எழுத்தின் தோற்றமும் பெயர்ப்பியின் பார்வையும்

2021 நவம்பர் 1 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சர், ராஸ் ஆண்டர்சன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கான கட்டுப்பாட்டுக் குறிகளை மூலநிரலில் பொதித்தால், மனிதர் திரையில் படிப்பதும் பெயர்ப்பி படிப்பதும் வேறாகும் என அது காட்டியது. தோற்றத்தில் ஒத்த எழுத்துகளால் ஏமாற்றும் வழியும் அதனுடன் பேசப்பட்டது. ரஸ்ட் மொழி அன்றே 1.56.1 என்ற பாதுகாப்புப் பதிப்பை வெளியிட்டது. இத்தகைய குறிகளைக் கண்டால் பெயர்ப்பி மறுக்கும். ஜி.சி.சி. தன் 12ஆம் பதிப்பில் எச்சரிக்கையைச் சேர்த்தது. இது பெயர்ப்பியின் பணியன்று, பதிப்பானும் நிரலை மதிப்பிடும் கருவியும் செய்யவேண்டியது என்பது கோ மொழித் தரப்பில் ரஸ் காக்ஸ் எடுத்த நிலை. ஒரே குறைக்கு ஒரு மொழி திருத்தம் வெளியிட, மற்றொரு மொழி தேவையில்லை என்றது.

தமிழாய்வாளர் கருத்துச் சொல்லவேண்டிய இடம் இதுவே. தமிழில் வலமிருந்து இடம் எழுதும் சிக்கல் இல்லை; ஆனால் ஒப்புருவச் சிக்கல் நிரம்ப உள்ளது. தமிழ் எண்களில் ௧, ௨, ௪, ௭, ௮ ஆகியவை முறையே க, உ, ச, எ, அ ஆகிய எழுத்துகளைப் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒத்தே தோன்றுகின்றன. ஒருங்குறியில் அவை தனித்தனிக் குறியீடுகள். 'விலை௨' என்பதும் 'விலைஉ' என்பதும் கண்ணுக்கு ஒன்று. பைத்தானுக்கு இரு வேறு மாறிகள். ஔகார உயிர் எழுத்தும், ஒகரத்தை அடுத்து ளகரம் இட்ட வடிவும் அவ்வாறே. வடமொழிச் சிறப்பெழுத்தான 'ஸ்ரீ' இருவேறு குறியீட்டுத் தொடர்களால் எழுதப்பட்டு ஒரே உருவில் தோன்றுகிறது. பழைய தரவுகளில் ஒன்றும் புதியவற்றில் மற்றொன்றுமாகக் கலந்துள்ளது. இவற்றைப் பைத்தான் கையாளும் ஒருங்குறி இயல்பாக்கம் ஒன்றாக்குவதில்லை. ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாக இடுவதும், எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்து இடுவதும் போன்ற வேறுபாடுகளை மட்டும் அது சீராக்கும். அதுவும் குறிப்பெயர்களில்தான், மேற்கோளுக்குள் வரும் சரங்களில் இல்லை. பயனர் பெயரையோ நூற்பெயரையோ ஒப்பிடும் நிரல் எழுதுபவர், இயல்பாக்கத்தைத் தாமே செய்தாக வேண்டும்.

ரஸ்ட் பெயர்ப்பி, ஒப்புருவம் உடைய இரு குறிப்பெயர்கள் ஒரே நிரல்தொகுப்பில் வந்தால் எச்சரிக்கிறது. அதற்கு அடிப்படை, ஒருங்குறிச் சேர்த்தியம் பேணும் ஒப்புருவப் பட்டியல். அப்பட்டியலில் தமிழ் எழுத்துகளும் உண்டு. கோ மொழியில் இச்சிக்கல் பேரளவில் எழவில்லை, காரணம் பெருமைக்குரியதன்று. குறிப்பெயரில் சார்குறிகளை அம்மொழி ஏற்பதில்லை. புள்ளியும் கொம்பும் காலும் சார்குறிகள் ஆதலால் 'பல' என்று ஒரு மாறிக்குப் பெயரிடலாம், 'சொல்' என்று பெயரிட முடியாது. தேவநாகரிக்கும் இதே தடை. அகரமேறிய மெய்யும் உயிருமே கொண்ட சொற்களால் எவரும் நிரல் எழுதப்போவதில்லை. மொழிக்கு இடம் தராமையால் கிடைத்த பாதுகாப்பு இது.

எழுத்துணரியின் வழியே வரும் தரவில் ௧ என்ற எண் க என்ற எழுத்தாகப் பதிவாவது தமிழாய்வில் அன்றாடம் காணும் பிழை. தீய நோக்கமின்றி நிகழும் அதே பிழையைத் தீய நோக்குடையவர் வேண்டுமென்றே நிகழ்த்த முடியும். தமிழ் ஒப்புருவங்களை முறையாகத் தொகுத்து, பல எழுத்துருக்களில் சோதித்து, ஒருங்குறிப் பட்டியலில் விடுபட்டவற்றை முன்மொழிவது எழுத்தியலும் சுவடியியலும் அறிந்தவர் செய்யத்தக்க பணி. நிரலாளர் மட்டும் செய்யக்கூடியதன்று.

உட்கூற்றுப் பட்டியலின் இடம்

கற்பனைச் சூழலின் வினாவிற்குத் திரும்பினால், தம் நிரல் திருந்தியதா என்பதை ஆய்வாளர் அறிய வழி உண்டு. கோ மொழியில் ஆக்கிய இயக்கக் கோப்பு, தன்னை உருவாக்கிய பெயர்ப்பியின் பதிப்பையும் தன்னுள் சேர்ந்த நூலகங்களின் பதிப்புகளையும் தன்னிடமே பொதித்துவைத்திருக்கும். ஒரு கட்டளையால் அதை வாசிக்கலாம். 2022இல் அறிமுகமான கோவல்ன்செக் என்னும் கருவி, மூலநிரல் கையில் இருந்தால் இன்னும் ஒரு படி செல்கிறது. குறையுள்ள நூலகம் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அதன் குறையுள்ள செயற்கூற்றை நிரல் மெய்யாகவே அழைக்கிறதா என்றும் ஆராய்கிறது. உரைத்தொகுப்பு உள்ளே இருந்தும் மொழிப்பட்டியலைப் படிக்கும் பகுதியை அழைக்காத நிரலுக்கு அவசரம் இல்லை. தேவையற்ற எச்சரிக்கைகளால் சலித்துப்போனவர் தேவையானதையும் புறக்கணிப்பர் என்பதால் இவ்வேறுபாடு மதிப்புடையது.

இந்தியாவில் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு, மென்பொருள் உட்கூற்றுப் பட்டியல் பற்றிய வழிகாட்டு நெறிகளை 2024இல் வெளியிட்டது. உணவுப் பொட்டலத்தில் சேர்மானம் அச்சிடப்படுவதுபோல, மென்பொருளில் சேர்ந்த நூலகங்களையும் அவற்றின் பதிப்புகளையும் பட்டியலிட்டுத் தருவதே இதன் உள்ளடக்கம். அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் எழுதப்பட்டதாயினும், தமிழ்த்துறையின் சிறு தரவுத்தளத்திற்கும் இது பொருந்தும். எந்த மொழி, எந்தப் பதிப்பு, உருவாக்கியவர் யார், மூலநிரல் எங்குள்ளது, இறுதியாக உருவாக்கிய நாள் எது, படிகள் யார்யாரிடம் உள்ளன என்ற ஆறு செய்திகள் ஒரு தாளில் அடங்கும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் கேட்கும் நெறியாளர், இத்தாளையும் கேட்கலாம். களத்தில் பெற்ற பெயரும் ஊரும் குரலும் தனிமனிதத் தரவுகள். அவற்றைக் காக்கும் கடப்பாட்டை 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. ஆய்வுப் பணிகளுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு எனினும், அவ்விலக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

அத்தாளில் பெரும்பாலும் வெற்றிடமாக விடப்படக்கூடியது மூலநிரல் எங்குள்ளது என்ற இடமே. நிரலை எழுதித் தந்த மாணவர் படிப்பு முடிந்து வேறூர் சென்றிருப்பார். இயக்கக் கோப்பு மட்டும் துறையின் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். மூலநிரல் இல்லையேல் மறுபெயர்ப்பு இல்லை. மறுபெயர்ப்பு இல்லையேல் கோ குழு எத்தனை பதிப்புகள் வெளியிட்டாலும் அந்நிரலுக்குப் பயனில்லை. அந்நிலையில் அதனை வலையமைப்பிலிருந்து துண்டித்து, தரவை மட்டும் வெளியே எடுத்துப் புதிய கருவிக்கு மாற்றுவதே செய்யக்கூடியது.